நாற்பத்து மூன்று கிணறுகள்

2023 ஓகஸ்ட் 14ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு, உடுப்பிட்டியின் தெற்குப் பக்கத்துத் தோட்டவெளியில் உள்ள ஒரு கிணற்றின் நீர்மட்டம் தரையிலிருந்து பதினேழு அடி நாலு அங்குலம் கீழே இருந்தது.

அளவுநாடாவைப் பிடித்திருந்தவள் உதயகலா. வயது நாற்பத்தொன்று. பதினான்கு வருடம் விவசாயப் போதனாசிரியையாக வேலை பார்த்துவிட்டு, சம்பளமில்லாத லீவு எடுத்து, பேராதனையில் விவசாயப் பொருளியலில் எம்.பில். எனப்படும் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பதிந்தது 2018இல். அதன் பிறகு கொரோனா வந்தது. அது போனதும் பெற்றோல் இல்லாத வருடம் வந்தது. அந்த வருடம் அவள் தன் கள ஆய்வை மகளின் சைக்கிளில் ஓடித்தான் முடித்தாள். நூற்று அறுபத்துநான்கு தோட்டக்காரர்களிடம் தனித்தனியாகப் போய், ஒவ்வொருவருடனும் ஒரு மணித்தியாலம் இருந்து, பதினொரு பக்கப் படிவத்தை நிரப்பினாள். வெங்காயப் பாத்திகளுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவளைப் பார்த்து, இந்த வயதில் மிஸ் பட்டம் விடப் போறா, காத்துத்தான் காணாது என்று தோட்டக்காரர் பகிடி விட்டார்கள். உதயகலாவும் சிரித்துக்கொண்டு போனாள்.

அந்தச் சிரிப்பு ஜூலைக் கடைசியில் நின்றுபோனது.

அவளுடைய மேற்பார்வையாளர் குகதாசன் கொக்குவில்காரன். அவளைவிட ஐந்து வயது இளையவன். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு வந்து பேராதனையில் விரிவுரையாளராக இருந்தான். மாணவியை அக்கா என்று கூப்பிடும் மேற்பார்வையாளர் அந்தத் துறையில் அவன் ஒருவன்தான். ஆய்வேட்டின் இறுதிப் பிரதியை அனுப்பி மூன்றாம் நாள் அவனிடமிருந்து போன் வந்தது. வழமையாக முதலில் பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பவன் அன்று விசாரிக்கவில்லை.

"அக்கா, சொந்தக் கிணறு நூற்றிமுப்பத்தொண்டு எண்டு எழுதியிருக்கிறியள். நான் சும்மா ஒருக்கால் படிவத்திலை குறிச்ச இடங்களை வரைபடத்திலை போட்டுப் பாத்தன். நாப்பத்திமூண்டு புள்ளிதான் விழுகுது."

"மிச்சம்?"

"மிச்சமெல்லாம் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுகுது."

உதயகலா போனைக் காதில் வைத்தபடியே முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த உடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது என்று பட்டது.

அந்தத் தோட்டவெளியில் ஒரு கிணற்றை ஒருவர் தனியே வைத்திருப்பது குறைவு. தகப்பன் தோண்டிய கிணறு பிள்ளைகளுக்குப் பிரியும். மகளின் பங்கு சீதனத்தோடு போகும். பேரப்பிள்ளைகள் காலத்தில் எட்டில் ஒன்று, பதினாறில் மூன்று என்று வந்து நிற்கும். காணி உறுதியில் நிலத்தை எழுதி முடித்ததும் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் எழுதுவார்கள். எட்டில் ஒரு பங்கு வைத்திருப்பவரும் கிணறு தன்னுடையது என்றுதான் சொல்லுவார். சொல்வதில் பொய் இல்லை. உதயகலாவின் தகப்பனுக்கும் ஒரு கிணற்றில் பதினாறில் ஒன்றுதான் இருந்தது. எங்கள் கிணறு என்றே அவள் சொல்லி வளர்ந்தாள்.

அவளுடைய படிவத்தில் கிணறு என்ற இடத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன: சொந்தம், பொது. கோயில் கிணற்றிலும் அரசாங்கக் கிணற்றிலும் இறைக்கிற முப்பத்துமூன்று பேரைப் பொது என்று குறித்தாள். மற்ற எல்லோரும் சொந்தம். ஒரே கிணற்றடியில் நாலு தரம், ஐந்து தரம், நாலு ஐந்து பேரோடு நின்று, ஒவ்வொரு தரமும் சொந்தம் என்று புள்ளடி போட்டிருக்கிறாள். அதில் அவளுக்கு ஒரு புதினமும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. இரண்டாம் தரம் அதே கிணற்றடிக்கு வந்ததும், இது ஆருடையது என்று கேட்டிருப்பார்.

ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுவதும் அந்தப் புள்ளடிகளின் மேல்தான் நின்றது. அத்தியாயத்தின் கேள்வி எளிமையானது: ஒருவருக்குச் சொந்தமான கிணற்றில் அதிகம் தண்ணீர் இறைக்கிறார்களா, பலருக்கு உரிய கிணற்றிலா? பலருக்கு உரியதை ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு எடுத்து முடித்துவிடுவார்கள் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று உதயகலா எழுதியிருந்தாள். வித்தியாசம் எப்படித் தெரியும்? பலருக்கு உரிய கிணறுகளையெல்லாம் சொந்தக் கிணறு என்ற கடகத்துக்குள் அல்லவா கொட்டி வைத்திருந்தாள்.

குகதாசன் ஒளிக்காமல் சொன்னான். பதிவு ஒக்டோபர் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. இரண்டு தரம் நீடித்தாயிற்று. மூன்றாம் தரம் இல்லை. நாலாம் அத்தியாயத்தைக் கழற்றிவிட்டு மிச்சத்தை எம்.எஸ்சி. எனப்படும் முதுவிஞ்ஞானமாணிக்குக் குறைத்துக் கொடுக்கலாம். அதற்கு எந்தப் பரீட்சகரும் மறுப்புச் சொல்லமாட்டார். ஐந்து வருடம் வீணாகாது.

"குறைச்சுத்தான் குடுக்கிறதெண்டால் நான் இரண்டு வருசத்திலை குடுத்திருப்பன், தம்பி," என்றாள் உதயகலா.

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"திரும்பப் போய்க் கேக்கப் போறன்."

கேட்பது அவள் நினைத்தது போல இருக்கவில்லை. வெங்காயம் எத்தனை அந்தர், உரம் எத்தனை மூட்டை, மருந்து எத்தனை தரம் அடித்தது என்றெல்லாம் மடை திறந்தது போலச் சொன்ன ஆட்கள், கிணற்றில் உங்களுக்கு எத்தனை பங்கு என்று கேட்டதும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். ஒருவருடைய பங்கு கனடாவில் இருக்கும் தமையனுடைய பேரில் கிடந்தது. இன்னொருவர் தங்கச்சியின் பங்கில் பத்து வருடமாக இறைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு அது தெரியாது. ஒரு வீட்டில் மனிசி உறுதியை எடுத்துவர உள்ளே போக, மனிசன் கூப்பிட்டு நிறுத்தினார். உறுதியை மிஸ்ஸுக்குக் காட்டினால் நாளைக்கு அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆள் வரும் என்று அவர் நம்பினார்.

சீவரத்தினத்தின் படலையில்தான் மோசமாகப் பேச்சு வாங்கினாள். சீவரத்தினத்துக்கு ஐம்பத்தேழு வயது. பதினான்கு பரப்பு நிலமும் கிணறும் தனக்கென்றே வைத்திருப்பவர். வெங்காயத்தில் கெட்டிக்காரர், வாயிலும்தான். படலையைத் திறக்காமல், அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு கதைத்தார்.

"போன வருசம் கேட்டனீ, சொன்னனான். இந்த வருசம் திரும்ப வந்து கேக்கிறாய். சோதினை பெயிலோ?"

"பெயிலில்லை அண்ணை. ஒரு கேள்வியை விட்டிட்டன்."

"பங்கெண்டு ஒண்டும் என்னட்டை இல்லை. இது என்ரை கிணறு, முழுக்க என்ரை. போய்ப் பங்குக்காரரைக் கேள்."

பத்து நாளில் ஒன்பது கிணறுகளுக்குத்தான் விபரம் கிடைத்தது. அதிலும் பங்குகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கிணற்றுக்கு ஒன்றேகால் கிணறு வந்தது.

ஓகஸ்ட் பதினாலாம் திகதி காலை அவள் தோட்டவெளிக்குப் போனது யாரையும் கேட்பதற்கு அல்ல. கேட்டுக் களைத்துப்போய், நீர்மட்டத்தையாவது அளந்து வைப்போம் என்று போனாள். நாடாவைச் சுருட்டி நிமிர்ந்தபோது அந்தக் கிணற்றடிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிணறு கலக்கி இறைக்கும் நாள். வருடத்தில் ஒரு தரம், தண்ணீர் ஆக இறங்கியிருக்கும் காலத்தில், முழுத் தண்ணீரையும் இறைத்து எறிந்துவிட்டு அடியில் கிடக்கும் சேற்றை வாளியில் அள்ளித் தூக்குவார்கள். மழைக்கு முன்பு எல்லாக் கிணறும் இப்படித்தான் துப்புரவாகும்.

மேற்பார்வை செய்துகொண்டு நின்றவள் மீனாம்பிகை. உதயகலாவோடு பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை ஒன்றாகப் படித்தவள். புருசன் இறந்த பிறகு ஒன்பது பரப்பைத் தனியே செய்துகொண்டிருந்தாள். வந்தவர்களை எண்ணி, வராதவர்களின் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். மோட்டர் இரண்டு மணித்தியாலம் ஓடியது. பிறகு மூன்று பேர் கீழே இறங்கினார்கள். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். உதயகலா ஒரு வேப்பமர நிழலில் குந்தியிருந்து பார்த்தாள்.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கயிற்றுக்காரரில் ஒருவர் வாளியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். சாரத்தை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். கிணற்றுக்குள் இன்னும் அரைவாசிச் சேறு கிடந்தது. ஒருவரும் அவரை மறிக்கவில்லை, ஏசவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலம் பிந்தி வந்தவனை அவன் தலைமுறைக்கே திட்டிய மீனாம்பிகை, இந்த மனிதரை ஏன் பேசாமல் விட்டாள் என்று உதயகலா யோசித்தாள். எழும்பிப் போய்க் கேட்டாள்.

"அவருக்கு அரைப் பங்குதானே," என்றாள் மீனாம்பிகை, வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எட்டிலை ஒண்டு ஒரு பங்கு. பங்குக்கு ஒரு ஆள் ஒரு நாள். அரைப் பங்குக்கு மத்தியானம் வரை. உனக்குத் தெரியாதே?"

தெரியும். சின்ன வயதில் தகப்பன் இந்த நாளில் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்து குளிப்பதைப் பார்த்திருக்கிறாள். அதை ஒரு தகவல் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

உறுதி பார்க்கத் தேவையில்லை, ஒருவரையும் வாய் திறக்க வைக்கத் தேவையில்லை. இந்த ஒரு நாளில் பங்குக்காரர் எல்லோரும் தங்கள் பங்கின் அளவுக்கு வந்து நிற்கிறார்கள். கனடாத் தமையனின் பங்குக்குத் தம்பி இரண்டாவது ஆளைக் கூலிக்குப் பிடித்து அனுப்புகிறான். தங்கச்சியின் பங்கில் இறைக்கிறவரும் அந்தப் பங்குக்குரிய வேலையைத் தானே செய்கிறார். கூடச் செய்ய ஆருக்கும் மனம் வராது, குறையச் செய்ய மற்றவன் விடமாட்டான். உதயகலா கொப்பியை எடுத்துப் பேரும் நேரமும் எழுதினாள். பிறகு கொப்பியை வேப்பமரத்துக் கவட்டில் வைத்துவிட்டு, மத்தியானத்தோடு போனவருடைய இடத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

கிணற்றுக்குள் இருந்து ஒருவன் அண்ணாந்து பார்த்தான். "மிஸ்ஸுக்கு எத்தினை பங்கு?"

"படிப்புப் பங்கு," என்றாள் மீனாம்பிகை. "பேசாமல் அள்ளு."

அன்றிலிருந்து ஏழு கிழமை அவளுக்கு வேறு வேலை இல்லை. இன்றைக்கு எந்தக் கிணறு, நாளைக்கு எந்தக் கிணறு என்பதை மீனாம்பிகை விசாரித்துச் சொன்னாள். ஒரே நாளில் மூன்று கிணறு வந்தால் காலை ஒன்று, பகல் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று ஓடினாள். வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பவளுக்கு ஒருவரும் கதை சொல்லமாட்டார்கள் என்பது முதல் நாளே விளங்கியபடியால், போன இடமெல்லாம் கயிறு பிடித்தாள். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்தது. பருத்தித்துறையில் மின்னியலாளனாக வேலை செய்யும் அவளுடைய புருசன் ஜெயசுதன் இரவில் அந்தக் கைக்கு எண்ணெய் பூசிவிட்டு, பேராதனையில் இதுக்கும் மார்க்ஸ் போடுவினமோ என்று கேட்டான்.

அவள் தேடிப் போகாத ஒன்றும் அந்த வேலைக்குள் அகப்பட்டது. ஆறாவதோ ஏழாவதோ கிணற்றில் மோட்டர் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தபோது, உட்சுவரில் ஒரு கறுத்தக் கல் வெளிப்பட்டது. மற்றக் கற்களைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மட்டக்கல் வந்திட்டுது என்றார் ஒருவர். இண்டைக்கு மட்டும்தான் அதைத் தாண்டலாம் என்றார் இன்னொருவர். உதயகலா அந்த இடத்திலேயே கேட்டாள். கேட்டதற்கு அவர்கள் சொன்னது இதுதான்: இறைக்கிறபோது மட்டக்கல் கண்ணில் பட்டால் மோட்டரை நிற்பாட்டிவிட வேண்டும். தன்னுடைய முறை நாளில் இன்னும் மூன்று மணித்தியாலம் மிச்சம் இருந்தாலும் சரி, பயிர் வாடினாலும் சரி. கல்லுக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் அடுத்த முறைக்காரனுடையது. தாண்டி இறைத்தால் அடுத்த நாள் வருகிறவன் கிணற்றைப் பார்த்தே பிடித்துவிடுவான்.

அந்தக் கல்லை வைத்தது ஆர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி ஒரு படிவத்திலும் ஒரு பெட்டியும் இருக்கவில்லை. பங்குக் கிணறுகள் மொத்தம் முப்பத்திரண்டு என்று வந்தது. அதில் இருபத்தேழில் மட்டக்கல் இருந்தது. நாற்பத்து மூன்றில் மிச்சம் பதினொன்றும் தனி ஆளுடைய கிணறுகள். அவற்றில் சிலவற்றிலும் பழைய கல் இருந்தது. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

செப்ரெம்பர் நடுவில் அதுவரை கிடைத்ததை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பரப்புக்கு இறைக்கிற நேரம் தனிக் கிணறுகளைவிடப் பங்குக் கிணறுகளில் நூற்றுக்கு முப்பத்தொரு வீதம் குறைவு. தண்ணீரில் உப்பும் குறைவு. வெங்காய விளைச்சலில் வித்தியாசம் இல்லை. பாடப்புத்தகத்துக்கு நேர் எதிரானது. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் போட்டாள். அதே விடை வந்தது. குகதாசனுக்கு அனுப்பினாள். அவன் அரை மணித்தியாலத்தில் போன் எடுத்தான். குரலில் சந்தோசம் தெரிந்தது. ஆனால் கடைசியில் ஒரு முள்ளையும் வைத்தான்.

"பரீட்சகர் ஒரு கேள்வி கேப்பா, அக்கா. நல்ல தண்ணிக் கிணத்திலை ஆரும் பங்கை விக்கமாட்டினம், அதாலை பங்குக் கிணறு நல்லா இருக்கு, மட்டக்கல்லாலை இல்லை எண்டு சொல்லுவா. அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. ஒரு கிணறு பங்காயிருந்து தனியாகியிருக்கோணும், இல்லாட்டித் தனியாயிருந்து பங்காகியிருக்கோணும். முந்தியும் பிந்தியும் தெரியோணும். அப்பிடி ஒண்டு கிடைச்சாலொழிய இது நிக்காது."

அப்படித் தனியாயிருந்து பங்காகிய கிணறு ஒன்று உதயகலாவுக்குக் கிடைத்தது. சொந்தக்காரர் 2018இல் இறந்து, மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தது. பிள்ளைகள் மின்சாரப் பில்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். மோட்டருக்குத் தனி மீற்றர் இருந்தபடியால் எத்தனை அலகு ஓடியது என்று மாதம் மாதமாகத் தெரிந்தது. ஆனால் ஒரு கிணறு காணாது. மறுபக்கம் போனதும் வேண்டும். பங்காயிருந்து தனியாகிய கிணறு அந்தத் தோட்டவெளியில் ஒன்றே ஒன்றுதான். சீவரத்தினம் 2016இல் கூடப்பிறந்த நாலு பேரின் பங்கையும் வாங்கியிருந்தார்.

அவருடைய கிணறு இரண்டு வருடமாகக் கலக்கி இறைக்கப்படவில்லை. பங்குக்காரர் இல்லாதவருக்குக் கூலி ஆட்கள்தான். அந்தப் பருவத்தில் ஊரில் உள்ள கூலி ஆட்கள் எல்லோருக்கும் எங்கோ ஒரு கிணறு இருந்தது. செப்ரெம்பர் இருபத்தேழாம் திகதிக்கு நாலு பேரை அவர் பேசி வைத்திருப்பதாகவும், அந்த நாலு பேரும் அன்றைக்கே வேறு கிணற்றுக்கு ஒத்துக்கொண்டிருப்பதாகவும் மீனாம்பிகை கேள்விப்பட்டிருந்தாள். இதைச் சொல்லும்போது அவள் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தாள். அவளுக்கும் சீவரத்தினத்துக்கும் ஆகாது. அவர் இறைக்க இறைக்கப் பக்கத்தில் உள்ள தன் கிணறு வற்றுகிறது என்பது அவளுடைய பழைய வழக்கு.

"நாங்கள் போவமே?" என்று கேட்டாள் உதயகலா.

"உவருக்கு நான் ஏன் கயிறு பிடிக்கோணும்?"

"உவருக்கில்லை. எனக்கு."

மீனாம்பிகை, உன்ரை பட்டத்தாலை எனக்குக் கையும் போகப் போகுது என்று சொல்லிவிட்டு, தன் கிணற்றுப் பங்குக்காரர் இரண்டு பேருக்குப் போன் எடுத்தாள்.

அன்று காலை எட்டு மணிக்குச் சீவரத்தினம் தன் கிணற்றடியில் தனியே நின்றார். மோட்டர் தண்ணீரை இழுத்து முடித்திருந்தது. படலையைத் திறந்துகொண்டு நாலு பேர் வருவதைப் பார்த்தார். மீனாம்பிகையை அடையாளம் கண்டதும் முகம் இறுகியது. உதயகலா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பியில் கயிறு போட்டாள். அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கிணற்றுக்குள் இறங்கினார்.

இரண்டு வருடத்துச் சேறு. பின்னேரம் மூன்று மணி வரை அள்ளினார்கள். இடையில் அவருடைய மனிசி பிளேன்ரீயும் உழுந்து வடையும் கொண்டுவந்து கிணற்றுக்கட்டின் மேல் வைத்தாள். மீனாம்பிகை வடையை எடுத்து, உப்புக் கூடிப்போச்சு, கிணத்துத் தண்ணியிலை அரைச்சதோ என்று கேட்டாள். கீழே இருந்து சீவரத்தினத்தின் சிரிப்புக் கேட்டது. அவர் சிரித்ததை மற்ற இரண்டு பேரும் பிறகு நாலு நாள் சொல்லித் திரிந்தார்கள்.

கடைசி வாளி மேலே போன பிறகும் அவர் ஏறி வரவில்லை. உதயகலாவைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னார். சுவரில் ஓரிடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அவருடைய தலைக்கு மேல் நாலு முழம் உயரத்தில் ஒரு கறுத்தக் கல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐஞ்சு பேர் இறைக்கேக்கை உதுக்குக் கீழை தண்ணி போனதில்லை," என்றார். "நான் தனிய வந்தாப்பிறகு உதைப் பாக்கயில்லை. ஆருக்காக நிப்பாட்டுறது? குழாயை இறக்கி இறக்கி இந்த ஆழத்துக்குக் கொண்டுவந்திட்டன். இப்ப வாறது அரைவாசி உப்பு."

ஏறி வந்து, கால் முகம் கழுவி, வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருந்தது. 2012இலிருந்து அந்த மோட்டரின் மின்சாரப் பில்கள். ஒரு மாதமும் தவறாமல் இறப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்.

"படிச்சுப் பார். என்ரை பேர் போடாதை."

"போடமாட்டன் அண்ணை. இலக்கம்தான் போடுவன்."

"என்ன இலக்கம்?"

"இருபத்தொன்பது."

அவர் தலையாட்டினார். பிறகு மீனாம்பிகையின் பக்கம் திரும்பி, உன்ரை கிணறு எண்டைக்கு என்று கேட்டார். முடிஞ்சுது, உங்கடை கிணறுதான் கடைசி என்றாள் அவள். அப்ப வாற வருசம் வாறன் என்றார்.

பில்களில் இருந்தது எவருக்கும் விளங்கக்கூடியது. அதே பதினான்கு பரப்பு, அதே மோட்டர், அதே வெங்காயம். ஐந்து பேர் முறைவைத்து இறைத்த காலத்தில் ஒரு போகத்துக்குச் சராசரி நானூற்றுப் பத்து அலகு. ஒருவர் இறைத்த காலத்தில் எழுநூற்று அறுபது. மற்றக் கிணறு நேர் எதிராக ஓடியது: தகப்பன் தனியே இறைத்தபோது அறுநூற்றுத் தொண்ணூறு, மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்த பிறகு நானூற்று ஐம்பத்தைந்து. நாலாம் அத்தியாயத்தை உதயகலா முதல் எழுத்திலிருந்து திரும்ப எழுதினாள். படிவத்தில் விட்ட பிழையையும் மறைக்கவில்லை. நூற்று முப்பத்தொன்று எப்படி நாற்பத்து மூன்று ஆனது என்று இரண்டு பக்கத்தில் எழுதினாள். இது தேவையோ, அக்கா, என்று குகதாசன் ஓரத்தில் குறித்து அனுப்பினான். தேவை என்று பதில் எழுதினாள். ஒக்டோபர் முப்பதாம் திகதி, பதிவு முடிய ஒரு நாள் இருக்க, ஆய்வேடு கையளிக்கப்பட்டது.

வாய்மொழிப் பரீட்சை 2024 பெப்ரவரி 7ஆம் திகதி, புதன்கிழமை, பேராதனையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரு மூத்த பேராசிரியை. முப்பது வருடம் நீர்ப்பாசனப் பொருளியல் படிப்பித்தவர். ஆய்வேட்டில் முப்பது இடத்திலாவது மஞ்சள் கடதாசி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில் நடந்தன.

முதல் கேள்வி அந்த இரண்டு பக்கத்திலிருந்தே வந்தது. நீங்கள் அந்த ஊரில் பிறந்தவர், பதினான்கு வருடம் அந்தத் தோட்டக்காரரோடு வேலை செய்தவர், கிணறுகள் பங்கில் உள்ளவை என்பது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டார். தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்கவில்லை என்றாள் உதயகலா. பேராசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு அடுத்த மஞ்சள் கடதாசிக்குப் போனார்.

ஒன்றேகால் மணித்தியாலத்துக்குப் பிறகு குகதாசன் சொன்ன கேள்வி வந்தது. கிட்டத்தட்ட அவன் சொன்ன வார்த்தைகளிலேயே வந்தது. நல்ல கிணறு என்றபடியால்தான் பங்கு விற்கப்படாமல் இருக்கிறது. பங்கு என்றபடியால் கிணறு நல்லதாக இருக்கவில்லை. இதை எப்படி மறுப்பீர்கள்? மூலையில் இருந்த குகதாசன் பேனையை மூடி வைத்தான்.

உதயகலா பின்னிணைப்பைத் திறந்து இருபத்தொன்பதாம் இலக்கக் கிணற்றின் வரைபைக் காட்டினாள். நிலம் மாறவில்லை, மோட்டர் மாறவில்லை, பயிர் மாறவில்லை, தண்ணீர் ஊறுகிற பாறை மாறவில்லை. மாறியது இறைக்கிற ஆட்களின் தொகை மட்டும் என்றாள். அடுத்த பக்கத்தில் மற்றக் கிணறு. அங்கே ஆள் கூடியதும் அலகு குறைந்தது. இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஏறியது, மற்றது இறங்கியது. இரண்டும் திரும்பியது உரிமை கைமாறிய வருடத்தில். இரண்டு கிணறு எல்லாவற்றையும் நிரூபிக்காது, ஆனால் உங்களுடைய கேள்விக்கு இந்த இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன என்று முடித்தாள். அவள் இவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் தடக்காமல் கதைத்தது அதுவே முதல் தரம். கதைத்து முடித்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

பேராசிரியை அந்த இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்து மாதப் பில்கள் ஒரு ஆய்வாளருக்குக் கிடைப்பதைத் தான் கண்டதில்லை என்று சொல்லி, அவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

கயிறு பிடித்தேன் என்றாள் உதயகலா.

அதை விளங்கப்படுத்த இருபது நிமிடம் எடுத்தது. கலக்கி இறைக்கும் நாள், பங்குக்கு ஒரு ஆள், அரைப் பங்குக்காரர் மத்தியானம் சைக்கிளில் ஏறிப் போனது, மட்டக்கல், எல்லாம் சொன்னாள். மூன்று பேரும் குறிப்பு எடுப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவராக இருந்தவர் தன் பாட்டனாரின் ஊர்க் குளத்து முறையைப் பற்றிச் சொல்லத் தொடங்க, பேராசிரியை அவரை நிறுத்தி, இது அவருடைய பரீட்சை இல்லை என்று நினைவூட்டினார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். ஏழு நிமிடத்தில் கூப்பிட்டார்கள். ஆய்வேடு மாற்றம் எதுவும் இன்றி ஏற்கப்படுவதாகத் தலைவர் வாசித்தார். பேராசிரியை மஞ்சள் கடதாசிகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்துக்கொண்டே, நாலாம் அத்தியாயத்தின் பிரதி ஒன்றை அனுப்ப முடியுமா, அடுத்த தவணையில் வகுப்புக்கு எடுக்கப்போகிறேன் என்றார். இவ்வளவு காலமும் மறுபக்கத்தைத்தான் படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னார்.

படியிறங்கி வெளியே வந்ததும் உதயகலா ஜெயசுதனுக்குப் போன் எடுத்தாள். அவன் ஏதோ ஏணியில் நின்றிருக்க வேண்டும்; கொஞ்சம் பொறு, இறங்கிறன் என்றான். இறங்கிக் கேட்டுவிட்டு, சரி, இனி வாளிக்கு லீவு குடுக்கலாம் என்றான். அடுத்து மீனாம்பிகைக்கு எடுத்தாள். அவள் பாத்திக்குள் நின்றாள். பின்னால் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

"பாஸோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியும்." பிறகு போனை வாயிலிருந்து எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கச் சத்தம் போட்டாள்: "சீவரத்தினம் அண்ணை, எங்கடை ஆள் பாஸ்."

அவர் என்ன சொன்னார் என்பது தண்ணீர்ச் சத்தத்தில் உதயகலாவுக்குக் கேட்கவில்லை. மீனாம்பிகை சிரிப்பது மட்டும் கேட்டது.

மார்ச் மாதம் பதினெட்டாம் திகதி பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. விவசாயப் பொருளியலில் முதுதத்துவமாணிப் பட்டம் வழங்கப்படுவதாகவும், அது 2024 பெப்ரவரி 7 முதல் செல்லுபடியாகும் என்றும் அதில் இருந்தது. ஏப்ரல் முதலாம் திகதி உதயகலா வேலைக்குத் திரும்பினாள்.